செல்போன் பஞ்சாங்கம்: வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்!

பஞ்சாங்கம் என்பதைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ராகு காலம், எமகண்டம், கரிநாள் என்று பெயர் வைத்து, உழைக்கிற மனிதனின் நாளில் பாதியை வீணாக்கி, மீதிப் பாதிக்குத் தட்சணை வாங்குகிற ஏற்பாடே அது என்பது நமது அபிப்பிராயம். ஆனாலும் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எப்பேர்ப்பட்ட பஞ்சாங்கக்காரனும் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தட்சணை கேட்டதில்லை. சந்திரனைக் கொண்டு மாதம் எண்ணுகிறவர்கள்கூட ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒரு தரந்தான் 'அதிக மாசம்' என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். வருஷா வருஷம் தவறாமல் ஒரு மாதத்தை அதிகமாகச் சேர்த்து அதற்கும் பணம் வசூலிக்கிற சாமர்த்தியம் புரோகிதனுக்கு வரவில்லை. அது செல்போன் கம்பெனிகளுக்குத்தான் வந்தது.

செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிற எவரும் இதை அறிவார்கள். மாதக் கட்டணம் என்று சொல்லுவது 28 நாளைக்கு. 28-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 364. ஆகவே பன்னிரண்டு சம்பளம் வாங்குகிறவன் பதின்மூன்று தரம் ரீசார்ஜ் செய்கிறான். இதைப் பற்றி ஜனங்கள் முறையிட்டதன் பேரில், டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் கெடு உள்ள திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. கம்பெனிகளும் வெகு பணிவோடு கீழ்ப்படிந்து, நீண்ட ஜாபிதாவில் எங்கோ ஒரு மூலையில் ஒன்றைச் சேர்த்துவிட்டு, மற்றவைகளை 28 நாளாகவே வைத்துக்கொண்டன. ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஒருவனை மாத்திரம் கிணற்றில் தண்ணீர் மொள்ள விட்டுவிட்டு, "ஊரில் தீண்டாமை ஒழிந்தது" என்று சொல்லுவது போன்ற கீழ்ப்படிதல் இது.

சுயமரியாதைப் பத்திரிகைக்கும் ரீசார்ஜ் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஒரு மனிதனுக்கும் அவனுக்குச் சேரவேண்டிய உரிமைக்கும் நடுவில் எவன் தட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறானோ அவன் தரகன். அவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, பங்குப் பத்திரம் வைத்திருந்தாலும் சரி, அவனைப் பற்றி எழுதுவது நம் வேலையேயாகும்.

சென்ற மாதம் ஒரு சிறிய ஊரின் கடைத்தெருவில் நாம் கண்ட சங்கதி இது. அறுபத்தைந்துக்கு மேற்பட்ட ஒரு அம்மாள், பொத்தான் வைத்த பழைய செல்போனை முந்தானையில் முடிந்துகொண்டு ரீசார்ஜ் கடைக்கு வந்தார். வங்கியிலிருந்து வரவேண்டிய செய்தி வரவில்லை என்பது அவர் புகார். கடைப்பையன் பார்த்துவிட்டு, "ஆத்தா, வேலிடிட்டி முடிஞ்சு போச்சு. காசு போட்டாத்தான் வரும்" என்றான். "நான் ஒருத்தருக்கும் போன் பண்றதே இல்லியே தம்பி! வர்றதை எடுத்துப் பேசுறதுக்கா காசு?" என்றார் அந்த அம்மாள். பையன் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை.

இன்று சர்க்கார் தன் கச்சேரியைப் பெரும்பாலும் செல்போனுக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டது. வங்கியில் பணம் எடுக்க ரகசிய எண் செல்போனுக்கு வருகிறது. காஸ் உருளை வாங்க எண் செல்போனுக்கு வருகிறது. ஆதாரில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும், பென்ஷன் வந்ததா என்று தெரிய வேண்டுமானாலும் அந்தப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். முன்பு தாலுகா கச்சேரிக்கு நடந்து போனால் குமாஸ்தா அதட்டுவான். ஆனால் வாசலில் நுழைவதற்கு டிக்கட்டு கிடையாது. இப்போது கச்சேரி சர்க்காருடையது, வாசற்படி கம்பெனியுடையது. 28 நாளுக்கொரு முறை படிக்காசு வைக்காவிட்டால் முதலில் பேச முடியாது. சில நாளில் வருகிற அழைப்பும் செய்தியும் நின்று போகும். 90 நாள் உபயோகமில்லாமல் கிடந்தால் எண்ணையே நிறுத்திப் பின்னால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கோயிலில் சாமி எல்லோருக்கும் பொது, சாவி மாத்திரம் அர்ச்சகனிடம் என்று சொன்னார்களே, அந்த நியாயந்தான் இது.

படிக்காசு எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு காலத்தில், 2005, 2006 வாக்கில், 'ஆயுள் முழுதும் இன்கமிங்' என்று கொட்டு முழக்கத்தோடு விற்றார்கள். 2018 கடைசியில் அந்த ஆயுள் முடிந்தது. எண் உயிரோடிருக்க 28 நாளுக்கு 35 ரூபாய் என்றார்கள். பெரிய கம்பெனி ஒன்றான ஏர்டெல்லின் கணக்கை மாத்திரம் எடுத்துக்கொண்டால், அந்தப் படிக்காசு 2019 டிசம்பரில் 45 ஆயிற்று, பிறகு 49, 2021 ஜூலையில் 79, அதே வருஷம் நவம்பரில் 99, 2023-ல் 155, அப்புறம் 179, 2024 ஜூலையில் 199. ஆறு வருஷத்துக்குள் ஐந்து பங்குக்கு மேல். "விலையை மட்டும் ஏற்றவில்லை, கூடவே கணக்கில்லாத பேச்சும் 2 ஜி.பி. இன்டர்நெட்டும் சேர்த்துக் கொடுக்கிறோம்" என்று கம்பெனி சொல்லுகிறது. உண்மைதான். இன்டர்நெட்டே ஓடாத பொத்தான் செல்போன்காரிக்கு 2 ஜி.பி. கொடுப்பது, பல்லில்லாதவளுக்கு முறுக்குக் கொடுத்துவிட்டு முறுக்குக்கும் சேர்த்துக் காசு வாங்குவது போன்றது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதின்மூன்று தரம் 199 கொடுத்தால் வருஷத்துக்கு 2,587 ரூபாய். அதாவது, ஏழை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு கொடுக்கிற பணத்தில் இரண்டு மாதத்துப் பணத்துக்கு மேல், அந்தப் பணம் வந்ததா என்று அறிந்துகொள்ளுவதற்காக மாத்திரம் போய்விடுகிறது. இதற்குப் பெயர் டிஜிட்டல் இந்தியா!

நிற்க, இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கம்பெனிக்காரர்கள் பேராசைக்காரர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் 2010-லும் பேராசைக்காரர்களாகத்தானே இருந்தார்கள்? அப்போது ஏன் அந்த அம்மாளிடம் காசு கேட்கவில்லை?

காரணம் யாதெனில், அப்போது ஒரு கம்பெனியின் வாடிக்கைக்காரர் மற்றொரு கம்பெனியின் வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டால், கூப்பிட்டவருடைய கம்பெனி, அழைப்பை ஏற்ற கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இத்தனை காசு என்று கொடுக்க வேண்டும். 2015-ல் அது 14 காசாயிருந்தது. ஆகவே மகன் பட்டணத்திலிருந்து கூப்பிட்டு, தாய் கிராமத்தில் பத்து நிமிஷம் பேசினால், தாயின் கம்பெனிக்கு 1 ரூபாய் 40 காசு வரும். தாய் ஒரு காசும் செலவு செய்யாமலே கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்து வந்தாள். அதனால்தான் அவளுக்கு 'ஆயுள் முழுதும்' என்ற உபசாரம். 2017 அக்டோபரில் ஆணையம் அந்த 14 காசை 6 காசாகக் குறைத்தது. 2021 ஜனவரி முதல் அதையும் ஒன்றுமில்லாமலாக்கிற்று. தொழில் நுணுக்கம் வளர்ந்து செலவு குறைந்துவிட்டது என்பது ஆணையம் சொன்ன காரணம், அது இருக்கலாம். புதிதாய் வந்த கம்பெனி அதைக் கேட்டது, பழைய கம்பெனிகள் எதிர்த்தன. இரு தரத்துக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். தாய்க்குத்தான் வக்கீல் இல்லை. 14 காசு 6 காசான அடுத்த வருஷமே, அவள் கம்பெனிக்குச் சுமையாய்ப் போனாள். கழனியில் வேலை செய்கிறவரையில் மாட்டுக்குப் பொங்கல், கிழடானால் சந்தை என்கிற கணக்குத்தான்.

அந்தக் காசை எடுத்ததை நாம் குற்றம் சொல்லவில்லை. எடுக்கிற கையாலேயே, "வெறுமனே அழைப்பு வாங்குகிறவரிடம் இதற்கு மேல் கேட்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

இனி இலவசப் புரட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். 2015 பிப்ரவரியில் அமெரிக்க பேஸ்புக் கம்பெனி, இங்கே ஒரு செல்போன் கம்பெனியோடு சேர்ந்து, ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்று ஆரம்பித்தது. முதலில் தேர்ந்தெடுத்த மாகாணங்களில் தமிழ்நாடும் ஒன்று. இலவசம் என்றால் முழு இன்டர்நெட் அல்ல. அவர்கள் பொறுக்கி எடுத்த சில இடங்களுக்கு மாத்திரம் இலவசம், வெளியே காலை வைத்தால் காசு. நிலம் முழுதையும் காட்டிவிட்டு மடப்பள்ளிக்கு மாத்திரம் வழிவிடுகிற அன்னதானம் அது. வைக்கத்தில் 1924-ல் நம்மவர்கள் போராடியது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. தெரு பொதுப் பணத்தில் போட்டது, அதில் யார் நடக்கலாம் என்று சொல்ல ஒரு கூட்டம். இன்டர்நெட் என்பதும் தெருவேயாகும். தெரு போட்டவன் கூலி கேட்கலாம். எந்த வீட்டுக்கு நான் போகலாம் என்று அவன் சொல்லக் கூடாது.

இந்த ஒரு விஷயத்தில் ஆணையம் நேர்மையாய் நடந்தது என்பதைச் சொல்லாமலிருக்கக் கூடாது. 2015-ல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆணையத்துக்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8-ந் தேதி, இன்ன இடத்துக்குப் போனால் ஒரு விலை, வேறு இடத்துக்குப் போனால் வேறு விலை என்று வைப்பது செல்லாது என்றும், மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம் என்றும் விதி செய்தார்கள். உடனே பேஸ்புக்கின் நிர்வாக சபையிலிருந்த ஒரு அமெரிக்க முதலாளி, மார்க் ஆண்ட்ரீசன் என்பவர், இந்தியர்களின் காலனி எதிர்ப்புப் புத்தி பல காலமாக அவர்களை நாசமாக்கி வருகிறது என்ற பாவனையில் பகிரங்கமாக எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தானம் வாங்க மறுத்தவன் மேல் தானம் கொடுக்க வந்தவனுக்கு எப்போதும் கோபம் வரும். மன்னிப்போடு சங்கதி முடியவில்லை. 2020 ஏப்ரலில் அதே பேஸ்புக் கம்பெனி 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவின் தாய்க் கம்பெனியில் நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைந்த பங்கை வாங்கிற்று. முன்வாசலில் நிறுத்தப்பட்டவர் கொல்லை வாசலால் உள்ளே வந்து இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஜியோவும் இலவசத்தோடு வந்ததுதான். 2016 செப்டம்பர் 5-ந் தேதி முதல் எல்லாம் இலவசம். டிசம்பர் வரை என்றார்கள், பிறகு 2017 மார்ச் வரை என்றார்கள். அதனால் நன்மை ஒன்றுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 200 ரூபாய்க்கு மேல் விற்ற ஒரு ஜி.பி. இன்டர்நெட் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு இறங்கியது. படிக்கிற பிள்ளைகளுக்கும், ஏன், நம் பிரசாரத்துக்குமே அது உபகாரமாயிற்று. ஆனால் இலவசமாய்க் கொடுத்துத் தாக்குப் பிடிக்க யாரால் முடியும்? பெரும் பணம் உள்ளவனால்தான். இது நியாயமான போட்டியல்ல என்று ஏர்டெல் புகார் செய்தபோது, புதிதாய் வந்தவன் ஆதிக்கமுள்ளவன் அல்லவே என்று சொல்லிப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் புகாரைத் தள்ளிவிட்டது. அன்றைய கணக்கில் அது சரியாயிருக்கலாம். அந்தக் கணக்கு மாறி எத்தனையோ வருஷமாயிற்று.

நம் நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் கம்பெனியின் கதி வாசகர்களுக்கு நினைவிருக்கும். கடன் ஒரு பக்கம், இந்த விலைச் சண்டை ஒரு பக்கம். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான செல்போன்கள் திடீரென்று ஊமையாயின. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை வாசல்களில் அலைமோதினார்கள். அந்த மாதம் 28-ந் தேதி கம்பெனி திவால் மனுப் போட்டது. (அங்கும் 28!) அதே வருஷத்தில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டெலினார், டாடா வாடிக்கைக்காரர்கள் ஏர்டெல்லுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்த தொழிலில், இன்று செல்போன் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டே கம்பெனிகளின் கையில்.

இதற்குப் பெயர் போட்டி என்கிறார்கள். 2024 ஜூன் 27-ந் தேதி ஜியோ விலையை உயர்த்துவதாக அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அறிவித்துவிட்டன. ஜூலை 3, 4 தேதிகளில் மூன்றும் அமலுக்கு வந்தன. மூன்று வீட்டுக்கும் ஒரே முகூர்த்தம். பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாத நிலைமை வந்துவிட்டது என்றுதான் சொல்லுகிறோம். பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்கிறார்கள். அந்த உரிமை 2011 முதல் இருக்கிறது. இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்குப் போகலாம், இரண்டிலும் ஒரே விலை!

மூன்றாவதாக சர்க்கார் கம்பெனி ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். 2024 ஜூலையில் விலை ஏறியவுடன் லட்சக்கணக்கானவர்கள் பி.எஸ்.என்.எல்.லுக்கு ஓடியது உண்மை. ஓடிப்போய்ப் பார்த்தால் பல ஊரில் 4ஜி கிடையாது. தனியார் 2012-ல் தொடங்கிய 4ஜி-யை, பி.எஸ்.என்.எல். தேசமெங்கும் கொண்டுவந்ததாக விழா நடத்தியது 2025 செப்டம்பர் 27-ல். 2020-ல் சாமான் வாங்க டெண்டர் போட்டு, சுதேசிச் சாமானாய் இருக்கவேண்டும் என்று அதை ரத்து செய்தார்கள். தனியார் மாத்திரம் அந்நிய நாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யலாம். சர்க்கார் கம்பெனிக்குத்தான் ஏகாதசி விரதம். அந்த 2020 ஜனவரியோடு 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்களை 'விருப்ப' ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த லட்சணத்தில் 2025-ல் வோடபோன் ஐடியா செலுத்தவேண்டிய பாக்கிக்குப் பதிலாகப் பங்குகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியில் நூற்றுக்கு 49 பங்குக்குச் சர்க்காரே சொந்தக்காரராகிவிட்டது. அலைவரிசையை ஏலம் விடுகிறவர், வரி வாங்குகிறவர், ஒரு கம்பெனியை நடத்துகிறவர், மற்றொன்றில் பங்காளி, எல்லாம் ஒருவரே. இப்படிப்பட்டவர் விலை ஏறினால் ஏன் துக்கப்படுவார்?

ஆணையத்தின் கதை இன்னும் விசேஷம். செல்போன் கட்டணத்தில் தலையிடுவதில்லை, கம்பெனியே விலை வைத்து ஏழு நாளைக்குள் தெரிவித்தால் போதும் என்பது அவர்கள் பல வருஷமாய் அனுஷ்டிக்கும் மௌன விரதம். பல கம்பெனிகள் அடித்துக்கொண்ட காலத்தில் அந்த விரதத்தில் அர்த்தமிருந்தது. இரண்டு பேர் மிஞ்சிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது, மழை நின்ற பிறகும் குடையை விரித்து வைத்திருக்கிற பக்தி. 2024 டிசம்பரில் அவர்களுக்கே கொஞ்சம் உறுத்தி, இன்டர்நெட் இல்லாமல் பேச்சும் செய்தியும் மாத்திரம் உள்ள திட்டம் ஒன்று வைக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். விலை இவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்று மாத்திரம் எழுதவில்லை. கம்பெனிகள் 2025 ஜனவரியில் வைத்தன. ஏர்டெல் 84 நாளுக்கு முதலில் 499 ரூபாய் என்றது. கூச்சல் கிளம்பியபின் 469 என்றது. ஒரு வருஷத்துக்கு 1,849 ரூபாய். ஒரே தடவையில் 1,849 ரூபாய் எடுத்து வைக்க முடிந்தவனுக்கு மலிவு, 1,200 ரூபாய்ப் பென்ஷன்காரிக்கு 199. ஏழையாயிருப்பதற்கு ஏழை கொடுக்கிற அபராதம் இது.

விலை வைக்க அதிகாரமில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. 1997-ம் வருஷத்துச் சட்டத்திலேயே அந்த அதிகாரம் இருக்கிறது. ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தவர்கள் அவர்களேதான். வடக்கேயும் தெற்கேயும் விமானத்தில் பறக்கிற வியாபாரிக்கு உச்சவரம்பு கிடைத்தது. நாம் கேட்பது பெரிய புரட்சியொன்றும் அல்ல. பேசாமல் வெறுமனே அழைப்பும் செய்தியும் வாங்குகிற எண்ணை உயிரோடு வைத்திருக்க ஒரு உச்ச விலை. அது காலண்டர் மாதத்துக்கு. சர்க்கார் உதவித்தொகை சேர்கிற எண்ணாயிருந்தால் அந்த விலையும் வேண்டாம். அதற்குப் பணம் எங்கே என்றால், கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம், எல்லோருக்கும் தொலைபேசி எட்டவேண்டும் என்ற பெயரிலேயே, 2002 முதல் வசூலித்து வருகிறார்களே, அது எதற்கு? அந்த நிதிக்கு 2023 சட்டத்தில் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றத் தெரிந்தவர்களுக்கு, அந்த நிதியிலிருந்து கிழவிக்குப் படிக்காசு கட்டத் தெரியாதா?

2015-ல் ஆணையத்துக்கு எழுதிய பத்து லட்சம் பேரும் பெரும்பாலும் இங்கிலீஷ் படித்த பட்டணவாசிகள். அவர்கள் எழுதினார்கள், அவர்களுக்கு வேண்டியது நடந்தது. ஆணையத்தின் ஆலோசனை அறிக்கைகள் தமிழில் வந்து நாம் கண்டதில்லை. ஆகவே அடுத்த முறை கட்டணத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கும்போது, ஒவ்வொரு ஊர்த் தோழரும் தம் தெருவில் பொத்தான் செல்போன் வைத்திருக்கிற பத்துப் பேருடைய ரீசார்ஜ் கணக்கை, தேதியும் தொகையுமாக, தமிழிலேயே எழுதி அனுப்பவேண்டும். அதில் ஒரு பிரதியை நமக்கும் அனுப்பினால் பிரசுரிப்போம். தமிழில் வந்ததைப் படிக்க அங்கே ஆளில்லை என்று திருப்பி அனுப்புவார்களானால், அதையும் பிரசுரிப்போம்.